பைரைட் அம்மோனைட்: பொறுக்குவது எளிது, வைத்திருப்பதுதான் வேலை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சார்மத் கடற்கரைக்குப் போய், பொன்நிறத்தில் மின்னும் சின்னச் சின்ன அம்மோனைட்டுகள், அதாவது பைரைட் என்ற கனிமமாக மாறிப்போன பழங்காலக் கடலுயிரிப் படிவங்கள், பத்துப் பன்னிரண்டு பொறுக்கி வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் கழுவி, துண்டால் துடைத்து, பளபளப்பாக இருக்கட்டும் என்று வார்னிஷ் அடித்து, பஞ்சு விரித்த அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்தார். எட்டு மாதம் கழித்துத் திறந்தால் பாதிக் கல் வெடித்துக் கிடக்கிறது. சுற்றிலும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி, கீழே வைத்த பெயர்ச்சீட்டு பழுப்பேறித் தொட்டால் உதிர்கிறது, கந்தக வாடை வேறு. எங்கே தப்பு செய்தேன், மிச்சத்தைக் காப்பாற்ற முடியுமா, அடுத்த முறை எப்படிப் பொறுக்குவது என்று கேட்கிறார்.

கல்லில் தப்பில்லை. சரியாகக் காயவில்லை, காயாததை வார்னிஷ் போட்டு மூடியாயிற்று, அப்புறம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் பஞ்சுக்கும் அட்டைக்கும் நடுவே வைத்தாயிற்று. முடிந்துபோனது முடிந்ததுதான், பொடியானதைத் திரும்பக் கல்லாக்க வழி இல்லை. மிச்சத்தில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றலாம். ஏன் இப்படி ஆகிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நீங்களே முடிவெடுத்துவிடுவீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பார்வைக்கு நத்தை ஓடு போல இருந்தாலும் அம்மோனைட் நத்தை இனம் அல்ல. கணவாய், ஆக்டோபஸ் வகையறா. சாளக்கிராமக் கல்லுக்குள் சுருண்டிருப்பதும் இதே உயிரினம்தான். சுருண்ட ஓட்டின் வாய்ப்பக்கம் இருக்கும் கடைசி அறையில் மட்டும் உயிரி வாழும். உள்ளே இருக்கும் மற்ற அறைகள் எல்லாம் அது வளர வளரத் தடுப்புச் சுவர் எழுப்பி விட்டுவந்தவை. அந்தச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழாய் போகும். கிட்டத்தட்ட 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த காலத்தில் இந்த இனமும் போய்விட்டது. சார்மத்தில் கிடைப்பவை அதைவிட மிகப் பழையவை, ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதியைச் சேர்ந்தவை, சுமார் 19 கோடி ஆண்டுக்கு முந்தையவை.

இது எப்படிப் பொன்நிறமாகிறது? உயிரி செத்துக் கடலடிச் சேற்றில் புதைகிறது. அந்தச் சேற்றில் ஆக்சிஜன் இல்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் கடல்நீரில் உள்ள சல்பேட்டை எடுத்துக்கொண்டு, அழுகும் உடலைத் தின்று, ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகின்றன. அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான அதே வாயு. சேற்றுக் களிமண்ணில் இரும்புக்குக் குறைவில்லை. இரண்டும் சேர்ந்து முதலில் கருப்பான இரும்பு சல்பைடாகி, பிறகு பைரைட்டாக நிலைபெறுகிறது. ஒரு பங்கு இரும்புக்கு இரண்டு பங்கு கந்தகம், அவ்வளவுதான் பைரைட். நாற்றச் சேறு இல்லாமல் பொன்நிற அம்மோனைட் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உள்ளறைகள் கிட்டத்தட்ட மூடியவை, சேறு உள்ளே எளிதில் புகாது, தண்ணீர் மட்டும் ஊறிப் புகும். அதனால் பைரைட் வளர அங்கேதான் வெற்றிடம் கிடைக்கிறது. வெளிச்சுற்றான வாழும் அறையிலோ சேறு நிரம்பி, மேலே படிந்த மண்ணின் கனத்தில் நசுங்கிப்போகிறது. இப்போது கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். குட்டி என்று நினைத்துவிடாதீர்கள், பல நேரம் அது நன்கு வளர்ந்த ஓர் அம்மோனைட்டின் உள்சுருள்தான். அப்புறம், நீங்கள் பார்ப்பது ஓடு அல்ல. ஓடு கரைந்துபோய், அறைகளை நிரப்பிய பைரைட் அச்சு மட்டும் நிற்கிறது. அதனால்தான் பக்கவாட்டில் இலைநரம்பு போல, பாசி படர்ந்தது போல நெளிநெளியான கோடுகள் தெரிகின்றன. தடுப்புச் சுவர்கள் ஓட்டோடு ஒட்டிய விளிம்புகள் அவை. தையல் கோடுகள் என்பார்கள். இனம் பிரிக்க அவை பெரிய துணை. ஒரு கைலென்ஸ் வைத்துக்கொண்டு இந்தக் கோடுகளைப் பார்ப்பதற்கு ஈடான சுகம் இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை என்பேன்.

முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி, ஆமோன் தெய்வத்தின் கொம்பு என்று பெயர்பெற்ற ஒரு கல்லைப் பற்றி எழுதியிருக்கிறார். பொன்நிறம், ஆட்டுக்கடாக் கொம்பின் வடிவம் என்கிறார். அம்மோனைட் என்ற பெயரே அந்தத் தெய்வத்திலிருந்து வந்ததுதான். அவர் பார்த்தது பைரைட் அம்மோனைட்டாக இருந்திருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். அவருடைய கல்லும் பொடிந்துபோயிருக்குமோ என்னவோ.

சரி, பொடிவதற்கு வருவோம். பைரைட் உருவானது ஆக்சிஜன் இல்லாத சேற்றில். அங்கேயே களிமண்ணுக்குள் இருந்தவரை 19 கோடி ஆண்டும் ஒன்றும் ஆகவில்லை. வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் கிடைக்கின்றன. மூன்றும் சேர்ந்தால் இரும்பு சல்பேட்டும் கந்தக அமிலமும் உண்டாகும். இரும்பு சல்பேட் என்பது வேறொன்றுமில்லை, அன்னபேதிதான். உங்கள் பெட்டியில் இருக்கும் வெள்ளை, மஞ்சள், வெளிர்பச்சைப் பொடி அதுவும் அதன் உறவுகளும். பெயர்ச்சீட்டைத் தின்றது கந்தக அமிலம். கல்லை வெடிக்க வைத்தது எது என்றால், இடம் போதாமை. ஒரு பைரைட் துண்டு முழுவதும் அன்னபேதியாக மாறினால், அது அடைக்கும் இடம் பழையதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு ஆகிறது. விரிசலுக்குள் கொஞ்சம் உருவானாலே போதும், ஆப்பு அடித்தது போலப் பிளந்துவிடும். அந்த அமிலமும் உப்புகளும் காற்றிலிருந்து இன்னும் ஈரத்தை இழுக்கும், ஈரம் வந்தால் வினை இன்னும் வேகமெடுக்கும். ஒருமுறை தொடங்கினால் தானே நிற்காது என்பது இதனால்தான்.

சேகரிப்பவர்களுக்கு இது பெருந்தொல்லை. ஆனால் இதையே வேண்டுமென்று செய்து பிழைத்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் விட்ஸ்டபிள் கடற்கரையில் 16ஆம் நூற்றாண்டு முதல் பைரைட் கட்டிகளைப் பொறுக்கி, திறந்தவெளியில் பரப்பி, மழையிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கவிட்டு, வழிந்தோடும் நீரைக் காய்ச்சி அன்னபேதி எடுத்தார்கள். துணிச் சாயத்துக்கும் எழுதும் மைக்கும் அது தேவைப்பட்டது. இன்னொன்று. இந்த வினை சூடும் தரும். 1908இல் பக்கத்து ஊரான லைம் ரீஜிஸுக்கும் சார்மத்துக்கும் இடையில் மண்சரிந்த இடத்தில் பைரைட் சூடேறி, பாறையிலிருந்த எண்ணெய்ச் சத்து பற்றிக்கொண்டு மாதக்கணக்கில் புகைந்தது. எரிமலை வந்துவிட்டது என்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியதாம். உங்கள் அட்டைப்பெட்டிக்குள் நடந்ததும் அதே வினைதான், அளவு மட்டும் சிறிது.

எல்லாக் கல்லும் ஒரே மாதிரி பொடியாது என்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுத்தவற்றில் ஒன்று பொடியாகும், பக்கத்தில் இருப்பது அப்படியே இருக்கும். பலர் பொடிவதெல்லாம் மார்கசைட் என்ற வேறு கனிமம், பைரைட் பொடியாது என்பார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. மார்கசைட் பைரைட்டின் அதே சேர்மானம், படிக அமைப்பு மட்டும் வேறு. ஆனால் சேகரிப்புகளில் பொடிவதில் பெரும்பங்கு பைரைட்டேதான். விஷயம் துகளின் அளவில் இருக்கிறது. நுண்ணிய மணிகள் கொத்துக்கொத்தாகச் சேர்ந்த பைரைட்டுக்குக் காற்று படும் பரப்பு மிக அதிகம், நடுவில் நுண்துளைகளும் நிறைய. அது சாம்பலோ கருப்போ கலந்த மங்கலாக இருக்கும். இறுகிய, பெரிய படிகமாக வளர்ந்த பைரைட் பித்தளைபோல மின்னும், கனமாக இருக்கும், பல பத்தாண்டுகள் நிற்கும். பாக்டீரியாதான் பொடியாக்குகிறது, கிருமிநாசினியில் முக்கினால் போதும் என்ற பழைய நம்பிக்கையும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரும்பைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றுக்கு ஏறக்குறைய நனைந்தே கிடக்கும் அளவு ஈரம் வேண்டும். வீட்டுப் பெட்டியில் நடப்பதற்கு அவற்றைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

பழுப்பு நிறத்தில் கிடைக்கும் சின்ன அம்மோனைட்டுகளையும் பார்த்திருப்பீர்கள். பிரான்சின் தென்கிழக்கு மலைப்பகுதிச் சுண்ணக் களிமண்ணில் நிறையக் கிடைக்கும். அவையும் பிறப்பால் பைரைட்தான். மண்ணுக்குள்ளேயே மெதுவாகத் துருவாகி இரும்பு ஆக்சைடாக நின்றுவிட்டன. அவற்றை எந்தப் பெட்டியிலும் வைக்கலாம். பொன்நிறம் இல்லை என்று புறந்தள்ளாதீர்கள். அக்கறை அதிகம் எடுக்க நேரமில்லாதவருக்கு அவைதான் நல்லவை.

இனி பொறுக்கும் கலை. சார்மத்தில் புதிதாக வருபவர்கள் சுத்தியலை எடுத்துக்கொண்டு கண்ணில் பட்ட கல்லையெல்லாம் உடைத்துக்கொண்டிருப்பார்கள். பைரைட் அம்மோனைட்டுக்குச் சுத்தியல் தேவையே இல்லை. கடலே களிமண்ணைக் கரைத்து வெளியே எடுத்துப் போட்டிருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது கடல் அதை எங்கே ஒதுக்கியது என்று யோசிப்பது. சாதாரணக் கூழாங்கல் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கனம் என்றால் பைரைட் ஐந்து மடங்கு கனம். முறத்தில் புடைக்கும்போது கனமானது ஒரு பக்கம் ஒதுங்குவதில்லையா, அலையும் அப்படித்தான் பிரிக்கிறது. பெரிய பாறைக்குப் பின்புறம், பாறைத்தட்டின் பள்ளம், சிறு ஓடை கடலில் சேரும் வாய் ஆகிய இடங்களில் கருப்பாக, துருநிறமாக ஒரு பொடிக்கல் திட்டு தெரியும். ஒழுங்கற்ற பைரைட் கட்டிகள் அங்கே கிடந்தால் அதுதான் இடம். மண்டியிட்டு உட்காருங்கள், எழுந்திருக்காதீர்கள். நடந்துகொண்டே தேடுபவரைவிட ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தவருக்குத்தான் கிடைக்கும்.

மினுமினுப்பைத் தேடாதீர்கள், வடிவத்தைத் தேடுங்கள். ஈரத்தில் பல கற்கள் மின்னும், அம்மோனைட் மங்கலாகவே கிடக்கும். சுருளின் விலா வரிகள், நடுவில் தொப்புள் போன்ற குழி, இரண்டு மட்டும் மனதில் இருந்தால் போதும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் வரிகள் நிழல் விழுந்து நன்றாகத் தெரியும். அங்கே மிகுதியாகக் கிடைப்பது புரோமைக்ரோசெராஸ், ஒன்றிரண்டு சென்டிமீட்டர், தடித்த நேர்வரிகள். பல சுற்றாகச் சுருட்டிய கயிறு போல இருந்தால் எக்கியோசெராஸ். பக்கவாட்டில் தட்டையாகி விளிம்பு கத்திபோல இருந்தால் ஆக்சிநோட்டிசெராஸ். துருப்பிடித்த ஆணியையும் திருகையும் பார்த்து ஏமாறவும் தயாராக இருங்கள். 2008 மே மாதம் லைம் ரீஜிஸுக்குக் கிழக்கே நடந்த பெரிய மண்சரிவில் பழைய குப்பைமேடு ஒன்றும் கடலில் இறங்கியது. அந்த இரும்பும் கனம்தான், ஆகவே அதுவும் அதே இடத்தில்தான் ஒதுங்கும்.

குளிர்காலப் புயலுக்குப் பின் இரண்டு மூன்று நாள்தான் சிறந்த காலம். கோடையில் ஆயிரம் பேர் நடந்த கரையில் மிச்சம் குறைவு. நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போய், திரும்பி ஏறத் தொடங்குமுன் வந்துவிட வேண்டும். குன்றின் அடிவாரத்துக்கும் கடலுக்கும் இடையில் மாட்டிக்கொண்டால் போக வழி இருக்காது. அடிவாரத்தில் உட்காரவே கூடாது. 2012 ஜூலையில் இதே கரையில் சற்றுக் கிழக்கே பர்ட்டன் பிராட்ஸ்டாக்கில் குன்று சரிந்து ஒரு இளம்பெண் இறந்தார். சார்மத்துக்கும் லைம் ரீஜிஸுக்கும் நடுவே உள்ள பிளாக் வென் குன்றின் சரிவில் வழியும் சேறு மேலே காய்ந்த தரைபோலத் தெரியும், கால் வைத்தால் தொடைவரை இறங்கும். நானே ஒருமுறை ஒரு காலணியை அங்கே விட்டுவிட்டு வந்தேன், அதற்கும் ஒருநாள் பைரைட் பிடிக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

சட்டதிட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கரை 2001 முதல் உலகப் பாரம்பரியத் தலம். சார்மத் இருக்கும் மேற்கு டோர்செட் பகுதிக்கு என்று ஒரு சேகரிப்பு நெறிமுறை இருக்கிறது. கரையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம், அனுமதியில்லாமல் குன்றைத் தோண்டக் கூடாது, அறிவியலுக்கு முக்கியமான பொருள் கிடைத்தால் சார்மத்தில் உள்ள ஹெரிட்டேஜ் கோஸ்ட் மையத்தில் பதிவு செய்ய வேண்டும். மேரி ஆனிங் என்ற பெண் 1800களின் தொடக்கத்தில் பழங்காலக் கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்து விஞ்ஞானிகளை வியக்கவைத்ததும் இதே கரையில்தான். பொறுக்க அனுமதிப்பதில் நியாயம் இருக்கிறது. விட்டுவைத்தால் அடுத்த அலையில் அரைபட்டோ துருப்பிடித்தோ போய்விடும். ஆனால் மற்ற நாடுகளிலும் மற்ற இடங்களிலும் இதே தாராளம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி விதி, கேட்டுவிட்டுக் குனியுங்கள்.

கரையில் பத்து எடுத்தால் ஆறைத் திருப்பிப் போடுவது என் பழக்கம். ஏற்கெனவே வெடிப்பு தெரிவது, மங்கிய சாம்பல் நிறம், கையில் எடுத்தால் அளவுக்கேற்ற கனம் இல்லாதது, விளிம்பில் வெள்ளை பூத்தது, இவையெல்லாம் வீட்டுக்கு வந்தாலும் நிற்கப்போவதில்லை. ஒரு பெட்டியில் ஒன்று பொடிந்தால் அதன் அமில ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். என் முதல் பெட்டியில் நாற்பது இருந்தது, எதையும் விட மனம் வரவில்லை. அதில் இன்று ஏழு இருக்கிறது.

எடுத்து வந்த முதல் வாரம்தான் கல்லின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கடலில் கிடந்த கல்லின் நுண்துளைகளில் உப்பு இருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே அதை நீக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை மாற்றி, இரண்டு நாளில் முடித்துக்கொள்ளுங்கள். பைரைட்டுக்குத் தண்ணீரே ஆகாது, தொடவே கூடாது என்று அருங்காட்சியகக்காரர்கள் சொல்வார்கள். அது உலர்ந்த, பழைய, ஏற்கெனவே பொடியத் தொடங்கிய கல்லுக்குச் சரி. கடலிலிருந்து இப்போதுதான் வந்த கல்லில் உப்பை விட்டுவைப்பது அதைவிடக் கெடுதல் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ள நல்ல சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள்.

உப்பு போனபின் தண்ணீரும் போக வேண்டும். துண்டால் துடைத்தால் வெளியே மட்டும்தான் காயும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலோ அசிட்டோனிலோ ஒரு நாள் போட்டு வையுங்கள், அது துளைகளில் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு வரும். முடிந்தால் புதிதாக ஊற்றி இன்னொரு நாள். இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, விளக்கு இல்லாத, சன்னல் திறந்த இடத்தில் செய்யுங்கள். பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் இரண்டு வாரம். சீக்கிரம் ஆகட்டும் என்று அடுப்பிலோ ஓவனிலோ வைத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் பிளக்கும்.

ஒட்டியிருக்கும் களிமண்ணைப் பற்றி ஒரு சின்ன உத்தி. ஈரக் களிமண்ணைச் சுரண்டினால் பசைபோல இழுக்கும். முதலில் முழுக்கக் காயவிட்டு, அப்புறம் நீரில் போட்டால் தானே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். உப்பு நீக்கும் அதே ஊறலில் இதையும் முடித்துவிடலாம். மிச்சத்துக்கு பல் துலக்கும் மென்மையான பிரஷ், மரக்குச்சி, ஊசி. களிமண்ணை இளக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றலாம் என்று எங்காவது படித்திருந்தால் மறந்துவிடுங்கள். நுண்படிவ ஆய்வில் சேற்றைப் பிரிக்க அது பயன்படுவது உண்மை, ஆனால் பைரைட்டோடு சேர்ந்தால் நுரைத்துப் பொங்கி, நீங்கள் அஞ்சும் அதே ஆக்சிஜனேற்றத்தை நிமிடங்களில் செய்துவிடும். வினிகரும் வேண்டாம். பித்தளைக் கம்பிப் பிரஷால் தேய்த்தால் கல் பளபளக்கும், ஆனால் பைரைட் பித்தளையைவிடக் கடினமானது, ஆகவே தேய்வது பிரஷ்தான். நீங்கள் பார்ப்பது கல்லின் பளபளப்பு இல்லை, மேலே ஒட்டிய பித்தளை.

இப்போது வார்னிஷ். எந்த வார்னிஷும் நீராவியை முழுதாகத் தடுக்காது. மெதுவாக்கும், அவ்வளவே. ஆனால் உள்ளே ஈரமோ உப்போ இருந்தால் அதை வெளியே விடாமல் பூட்டிவைக்கும். பொடிதல் தொடங்கினால் மேல்படலம் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது கல் இரண்டாகியிருக்கும். பிறகு மருந்து போட வேண்டுமென்றாலும் முதலில் வார்னிஷை உரிக்க வேண்டும். நான் எதையும் பூசுவதில்லை. விரிசல் விட்ட கல் உதிராமல் நிற்க வேண்டும் என்றால் மட்டும் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்து விரிசலில் விடுவேன். அது எப்போது வேண்டுமானாலும் அசிட்டோனில் கரைந்து வந்துவிடும், அதனால்தான் பாதுகாப்பு வல்லுநர்களும் அதை விரும்புகிறார்கள்.

பூச்சுக்குப் பதிலாகக் கல்லைச் சுற்றியிருக்கும் காற்றைக் கவனியுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் பொடிதல் வேகமெடுக்கும். 45க்குக் கீழே வைத்தால் பெரும்பாலான கற்கள் அமைதியாக இருக்கும், சந்தேகப்படும் கற்களுக்கு 30ஐ ஒட்டி வைத்தால் நல்லது. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறும் ஈரப்பத அட்டை ஒன்று, அவ்வளவுதான் செலவு. ஜெல்லை மாதம் ஒருமுறை பார்த்து, நிறம் மாறியிருந்தால் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடலாம். நீலம் மாறும் பழைய வகை ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, ஆரஞ்சு வகையை வாங்குங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் தனி சின்னப் பை அல்லது டப்பா. அடியில் பாலித்தீன் நுரை. பஞ்சு, அட்டை, செய்தித்தாள் வேண்டாம். ஓக் மர அலமாரி அழகாக இருக்கும், ஆனால் அந்த மரமே அமில ஆவி விடும். பெயர்ச்சீட்டைக் கல்லோடு சேர்க்காமல் தனிப் பையில் போட்டு வையுங்கள்.

மின்னும் கல்லை மூடிவைத்து என்ன பயன் என்று கேட்பீர்கள். கண்ணாடிபோலத் தெளிவான டப்பாவில் வைத்தால் வெளியே எடுக்காமலே பார்க்கலாம். அருங்காட்சியகங்கள் ஒரு படி மேலே போய், காற்றுப் புகாத தடுப்புப் படலத்தால் ஆன பையில் ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலத்தோடு சேர்த்து ஒட்டிவிடுகின்றன. மிக அரிய ஒன்று உங்களிடம் இருந்தால் அதையும் செய்யலாம். கையில் எடுத்துப் பார்க்கும் ஆசைக்கு இறுகிய நல்ல கல் இரண்டை ஒதுக்கிக்கொள்ளுங்கள், மற்றவற்றைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

பொடிதலைக் கண்ணுக்குத் தெரியுமுன் பிடிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு. காய்ந்து முடிந்ததும் ஒவ்வொன்றையும் எடை போட்டுக் குறித்துக்கொள்வேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுவேன். பைரைட் சல்பேட் ஆகும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நீரையும் பிடித்துக்கொள்வதால் எடை கூடும். வெள்ளைப் பூப்பதற்கு முன்பே எடை ஏறத் தொடங்கிவிடும். ஏறியதைத் தனியே எடுத்து இன்னும் உலர்ந்த டப்பாவுக்கு மாற்றிவிடலாம். கூடவே ஒரே கோணத்தில் ஒரு படமும் எடுத்து வைப்பேன்.

உங்கள் மிச்சக் கற்களுக்கு வருவோம். முதலில் நல்லதையும் கெட்டதையும் பிரியுங்கள். அட்டையையும் பஞ்சையும் தூக்கி எறியுங்கள். பொடியைத் தண்ணீரில் கழுவாதீர்கள், அமிலம் விரிசலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். கையுறையும் முகக்கவசமும் போட்டு உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். வார்னிஷ் எண்ணெய் வகையாக இல்லாவிட்டால் அசிட்டோன் குளியலிலேயே கழன்றுவிடும். அப்புறம் முன்சொன்னபடி சிலிக்கா ஜெல். இதோடு வினையின் வேகம் வெகுவாகக் குறையும். ஆனால் உருவான அமிலம் உள்ளேயே இருக்கும். அதை முறிக்க இரண்டு வழிகள் பயன்பாட்டில் இருக்கின்றன. மூடிய கலத்தில் அம்மோனியா ஆவியில் கல்லை வைப்பது ஒன்று, அமிலம் நடுநிலையாகும், கல் கொஞ்சம் பழுப்பேறும். மற்றது எத்தனோலமைன் தயோகிளைக்கோலேட் என்ற மருந்தை ஆல்கஹாலில் கரைத்து ஊறவைப்பது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1980களில் உருவான முறை இது. பொடியோடு வினைபுரியும்போது திரவம் ஊதா நிறமாகும், நிறம் மாறாமல் நிற்கும்வரை புதிதாக ஊற்றுவார்கள். இரண்டுமே நச்சு, நாற்றம் தாங்காது. புகைபோக்கி வசதி உள்ள ஆய்வகத்தில் பழகியவர் செய்ய வேண்டிய வேலை. பத்துப் புரோமைக்ரோசெராஸுக்காக வீட்டுக்குள் இதை முயல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாங்குவது பற்றியும் கொஞ்சம். ஜெர்மனியில் ஃபிராங்கோனியா பகுதியில் களிமண் குழிகளிலிருந்து வரும் கோஸ்மோசெராஸ் போன்றவற்றைப் பொன் நத்தைகள் என்றே அழைக்கிறார்கள். பட்டன்ஹைம் குழியின் பிளூரோசெராஸும் புகழ்பெற்றது. ரஷ்யாவில் ரியாசான் பகுதியின் மிகைலோவ் சுரங்கங்களிலிருந்து பொன்நிறக் கோஸ்மோசெராஸ் நிறைய வருகிறது. நல்லவையும் உண்டு, ஏமாற்றும் உண்டு. பாறைப்பலகையில் ஏழெட்டு அம்மோனைட் அழகாகப் பரவியிருந்தால் ஒட்டியதா என்று ஓரங்களை லென்ஸில் பாருங்கள். பொன்நிறச் சாயம் என்றால் குழிகளில் தேங்கி ஒரே சீராக இருக்கும், உண்மையான பைரைட்டில் படிக முகங்கள் தனித்தனியே மின்னும். மெருகிடாத பீங்கானில் உரசினால் பைரைட் பச்சை கலந்த கருங்கோடு போடும். கல்லை எப்போது எடுத்தார்கள் என்று கேட்பது எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. பத்து ஆண்டாக ஒருவர் அலமாரியில் பூச்சில்லாமல் நின்ற கல், நேற்று வந்த பளபளக்கும் கல்லைவிட நம்பத்தக்கது.

கடைசியாகப் பெயர்ச்சீட்டு, அது கருகியதுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. இடம், தேதி, எந்தப் பாறைக்கடியில் என்பது போன்ற குறிப்பில்லாத அம்மோனைட் வெறும் அழகுப் பொருள். 1850களில் ஆல்பர்ட் ஓப்பல் என்ற ஜெர்மானியர் ஜுராசிக் அடுக்குகளை அம்மோனைட் இனங்களைக் கொண்டே மண்டலம் மண்டலமாகப் பிரித்துக் காட்டினார், இன்றும் அந்த முறைதான் நடக்கிறது. கரையில் உதிர்ந்து கிடந்ததால் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று நீங்கள் பார்த்திருக்க முடியாது, ஆனால் இனம் தெரிந்தால் மண்டலம் தெரியும். நினைவிருக்கும்போதே இன்று புதிதாக எழுதி, பொடிந்துபோனவற்றின் படம் இருந்தால் அதையும் அதே எண்ணில் சேர்த்து வையுங்கள்.